தொப்பி போட்ட வியாழக்கிழமை

அமெரிக்கக் கால்பந்தில் பன்னிரண்டு சீசன். எட்டு அணிகள். தொடக்க ஆட்டத்தில் முதல் ஆளாக இறங்கியது, பூஜ்யம்.

காலை ஐந்தே முக்கால் மணிக்கு லைல் ப்ரோகாப் மோட்டல் அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார். நான்கு சட்டை, இரண்டு ஜீன்ஸ், மகள்கள் கிரேயானில் வரைந்த குதிரைப் படம், ஷேவிங் சாமான், கடைசியாகப் பல் துலக்கும் பிரஷ். பிரஷ்ஷை இரண்டு முறை உதறி, ஒரு பழைய சாக்ஸுக்குள் செருகி, பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் வைக்கிறார். பையை வண்டியின் பின் சீட்டில் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகிறார். மாலையில் அதே பையைத் தூக்கிக்கொண்டு அதே அறைக்குத் திரும்புகிறார். மறுநாள் காலை மீண்டும் காலி செய்கிறார்.

டொலீடோவில், நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில், ஜூலைக் கடைசியிலிருந்து இதுதான் வழக்கம். வரவேற்பு மேஜையில் இருக்கும் பெர்னடெட்டுக்கு முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. "தினமும் காலைல நல்லபடியா போய்ட்டு வாங்கன்னு வழியனுப்பி வைப்பேன். சாயங்காலம் பார்த்தா பையோட வந்து நிப்பாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

காரணத்தை லைல் ஒளிப்பதில்லை. "அணியில இருந்து அனுப்பிட்டாங்கன்னா ரூமுக்குத் திரும்பி வந்து துணி மடிக்கணும் பாருங்க, அது ஆகாது. ரெண்டு தடவை மடிச்சிருக்கேன். பக்கத்து ரூம் பசங்க கதவைச் சாத்திக்கிட்டு மூச்சு விடாம இருப்பாங்க. வெளிய வந்தா என் மூஞ்சியைப் பார்க்கணுமே! அதுக்குப் பதிலா பை வண்டியிலயே இருந்தா, கை குலுக்கினோமா, சாவியைப் போட்டோமான்னு போய்ட்டே இருக்கலாம்."

வயது முப்பத்தைந்து. உயரம் ஆறடி இரண்டங்குலம். இடது முழங்காலில் இரண்டு தழும்பு. ஒவ்வொரு முறை பந்தை வாங்கும் முன்பும் வலது கை விரல்களை நக்கி, இடது தோள்பட்டையில் துடைப்பார். ஏரியில் பிடித்த பெர்ச் மீன் வறுவலை ரொட்டிக்குள் வைத்து, சாஸ் எதுவும் இல்லாமல், நின்றுகொண்டே சாப்பிடுவார். ஆட்டம் இல்லாத மாதங்களில் நெப்ராஸ்காவில் மைத்துனனோடு சேர்ந்து வீடுகளுக்கு கராஜ் கதவு மாட்டுகிறார். டிவியில் முகம் வந்தவன் கதவு மாட்ட வந்திருக்கிறானே என்று எந்த வீட்டுக்காரரும் இதுவரை அதிர்ந்ததில்லை. டிவியில் அவர் முகம் வந்தால் அல்லவா? ஓரத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பவரை கேமரா தாண்டிப் போய்விடும்.

பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக் இடம் ஓர் அணியில் ஒருவருக்குத்தான். மற்ற இடங்களில் ஆளை மாற்றி மாற்றி இறக்கலாம். இங்கே நடக்காது. இரண்டாம் ஆள் ஹெல்மெட்டைக் காலடியில் வைத்து, தலையில் தொப்பியோடு, முதல் ஆளுக்கு அடிபடுமா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அடிபட வேண்டும் என்று நினைக்கவும் கூடாது. பன்னிரண்டு வருடமாக லைல் அப்படி நின்றவர். ஏழு ஆட்டங்களில், யாருக்கோ அடிபட்டபோது, பாதியில் உள்ளே போயிருக்கிறார். சீசனின் முதல் ஞாயிறு, கூட்டம் எழுந்து நிற்க, பெயரைச் சொல்லிக் கூப்பிட ஓடி வருவார்களே, அது ஒருமுறைகூட இல்லை.

அந்த ஓட்டத்தோடு ஒரு வீடும் சேர்ந்திருந்தது. மனைவி மார்னி நர்ஸ். மகள்கள் நோராவுக்குப் பத்து, டெஸ்ஸுக்கு ஆறு. கல்யாணமான புதிதில் மார்னி ஒருமுறை கணவன் அப்போது ஆடிய ஊருக்கு வீட்டையே மாற்றிக்கொண்டு வந்தார். பெட்டிகளைப் பிரித்து முடித்த மூன்றாம் வாரம் அந்த அணி லைலை அனுப்பிவிட்டது. அன்று இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். லைல் முதல் ஆள் ஆகும்வரை மார்னி நெப்ராஸ்காவை விட்டு நகரமாட்டார். ஆன அன்றைக்கே கிளம்பி வந்துவிடுவார்; நால்வரும் ஒரே கூரைக்குக் கீழ். நோரா பிறந்ததிலிருந்து அப்பாவோடு ஒரு முழு அக்டோபர் இருந்ததில்லை.

இந்த ஆகஸ்டில் அது நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. டொலீடோ ஹெரன்ஸ் அணிக்கு ட்ரேஸ் ஹாலக் வந்திருந்தான். இருபத்திரண்டு வயது, ஜார்ஜியாக்காரன், அணி முதலாளியே தேர்ந்தெடுத்த பையன். ஆற்றுப் பாலத்து விளம்பரப் பலகையில் அணியின் நாரைச் சின்னத்துக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். ஊரில் பாதிப் பேர் அவனுடைய ஏழாம் எண் சட்டையை வாங்கிவிட்டார்கள். லைலை அழைத்து வந்தது, பையன் எதிரே எறிந்து பழக யாராவது வேண்டும் என்பதற்காக.

பயிற்சியின் இரண்டாம் வாரத்திலேயே கண்கள் விரியத் தொடங்கின. பந்தைக் கால்களுக்கு இடையில் பின்னால் கொடுக்கிற மோசி, டோங்கா தீவுக்காரர், நூற்று நாற்பது கிலோ. இருவர் கைகளையும் தினமும் தொட்டறிகிற ஒரே மனிதர். உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் தீர்ப்பு சொன்னார்.

"பையன் கை எப்பப் பார்த்தாலும் ஈரம்டா. பெருசு கை காஞ்ச ரொட்டி. எனக்கு ரொட்டிதான் வேணும்."

"உனக்கு எப்பவும் ரொட்டிதானேடா வேணும், தடியா" என்றார் லைல்.

அறை சிரித்தது. ட்ரேஸும் சிரித்தான். சிரித்துவிட்டுத் தன் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ட்ரேஸ் எறிந்தால் பந்து சீறும். பிடிப்பவனின் விரல் பெயர்ந்துவிடும். லைல் எறிவது, பந்தியில் இலையில் வைப்பது மாதிரி. முதல் பயிற்சி ஆட்டத்தில் ட்ரேஸ் மூன்று முறை எதிரணிக்காரன் கையிலேயே பந்தைக் கொடுத்தான். சொந்த மைதானத்தில், ஏழாம் எண் சட்டை போட்டவர்களே ஊளையிட்டார்கள். இரண்டாம் பாதியில் லைல் இறங்கி, பதினேழு எறிந்து பதினான்கு சேர்த்தார். அடுத்த ஆட்டத்திலும் அதுவே. எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் பந்தயம் கட்டியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கராஜ் கதவு மாட்டுகிறவர் பாலத்துப் பலகையில் இருப்பவனை வென்றுகொண்டிருந்தார்.

லைல் மட்டும் பையைக் கட்டிக்கொண்டே இருந்தார். "வேலை உங்களுக்குத்தானாமே?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில். "வாயால சொன்னாதான் வேலை. மத்ததெல்லாம் வானிலை."

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. மறுநாள் கடைசிப் பயிற்சி ஆட்டம். பயிற்சியாளர் விக் டோமாசிக் மைதானத்தை விட்டுப் போகும்போது லைலின் தோளைத் தட்டி, "நாளைக்கு உனக்கு ஹெல்மெட் வேண்டாம். தொப்பி போதும்" என்றார்.

சீசன் முழுக்கத் தொப்பி இரண்டாம் ஆளுக்கு. ஆனால் கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் மட்டும் அது தலைகீழ். வேலை கிடைத்துவிட்டவரை அன்று இறக்கமாட்டார்கள், வீணாக அடிபடக்கூடாது. இந்த விளையாட்டைப் பார்க்கிற எந்தக் குழந்தையும் சொல்லும்: அன்றைக்குத் தொப்பி போட்டவர்தான் முதல் ஆள். வியாழக்கிழமை லைல் தொப்பியோடு ஓரத்தில் நின்றார். ட்ரேஸ் புழுதியில் புரண்டு ஆடினான். இடைவேளைக்குள் அரங்கமே "ப்ரோகாப்! ப்ரோகாப்!" என்று கத்தத் தொடங்கிவிட்டது. வாழ்நாளில் முதன்முறையாக கேமரா அவர் முகத்தில் நின்றது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் தன் ஷூவைப் பார்த்தார்.

பயிற்சியாளர் முடிவை ஞாயிறு காலை பத்து மணிக்கு அறிவிப்பதாக இருந்தது. அதுவரை பொறுத்திருக்கலாம். ஆனால் மார்னிக்கு டொலீடோவில் ஒரு மருத்துவமனையில் வேலை தயாராகக் காத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று வெள்ளி நண்பகலுக்குள் சொல்லியாக வேண்டும். வாடகை வீட்டுக்காரரும் அதே நாளைத்தான் சொல்லியிருந்தார். இங்கே பள்ளி செவ்வாயன்று திறக்கிறது.

வெள்ளி காலை பதினொன்றரைக்கு மைதானத்துக்கு வெளியே, வண்டியில் சாய்ந்துகொண்டு, லைல் பேசியதை மோசி கேட்டார்.

"இல்ல மார்னி, வாயால சொல்லல. தொப்பி போடச் சொன்னாரு… ஆமா, தொப்பி… சிரிக்காத… நீயே டிவில பார்த்தேல்ல?" வலது கை விரல்களை நக்கி, தோளில் துடைத்துக்கொண்டார். பிறகு, "வா. கிளம்பி வா."

பன்னிரண்டு வருடத்தில் தன் விதியை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. சனிக்கிழமைத் தாளில் நாங்களும் நான்கு பத்தி அகலத்துக்கு, லைல்தான் முதல் ஆள் என்று போட்டோம்.

அன்று மாலை லைல் அறைக்குப் போய்ச் சட்டைகளை அலமாரியில் மாட்டினார். குதிரைப் படத்தைக் கண்ணாடியில் ஒட்டினார். பிரஷ்ஷைக் கண்ணாடித் தம்ளரில் நிறுத்தினார். சனி காலை வெறுங்கையோடு வெளியே வந்த அவரைப் பார்த்து பெர்னடெட் எழுந்து நின்றே விட்டார். "என்ன சார், பையக் காணோம்?" "அது தூங்குது" என்றாராம் லைல்.

ஞாயிறு காலை ஒன்பது இருபது. உடை மாற்றும் அறைக்குள் பயிற்சியாளரின் செயலர் கிரெட்சன் வந்தார். ஆகஸ்டில் கிரெட்சன் உள்ளே வந்தால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். அவர் பெயர் சொல்லி அழைக்கும் ஆள் அன்றோடு வீட்டுக்குப் போகிறான் என்று அர்த்தம். ஆனால் அன்று அவர் "லைல், கோச் கூப்பிடுறாரு" என்றபோது ஒருவரும் தரையைப் பார்க்கவில்லை. ஐம்பது பேர் அலமாரிக் கதவுகளைத் தட்டினார்கள். மோசி குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து மேளம் அடித்தார். "நட பெருசு, நட! சீக்கிரம் நட, நடக்குறதுக்குள்ள இன்னொரு வயசு ஆயிடப் போகுது!" ட்ரேஸ் தானே முன்னால் வந்து கை கொடுத்தான். கிரெட்சன் மட்டும் சிரிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

நான்கு நிமிடத்தில் லைல் திரும்பி வந்தார். மேளம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் தன் அலமாரியைத் திறந்து ஷூக்களை எடுத்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டபோதுதான் மோசியின் கை நின்றது.

"என்னய்யா ஆச்சு?"

"வித்துட்டாங்க. சான் அன்டோனியோவுக்கு."

"யாரை?"

"என்னைத்தான்டா."

ஒரு குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. பத்தொன்பது வருடமாக அந்த அறைக்குப் போய்வருகிறேன்; அது சொட்டும் என்று அன்றுதான் தெரிந்தது. ட்ரேஸ் இருக்கையிலிருந்து எழுந்தான். மெல்ல, "அப்ப இங்க யாரு?" என்று கேட்டான். மூன்று வாரமாக அவன் கேட்டுக்கொண்டிருந்த இடம் அவனுக்குக் கிடைத்துவிட்டது. போய் உட்கார்ந்து காலுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டான்.

நடந்தது இதுதான். செவ்வாயன்று, இரண்டாயிரம் கிலோமீட்டர் தெற்கே, சான் அன்டோனியோ அணியின் குவார்ட்டர்பேக்குக்குப் பயிற்சியில் கால் எலும்பு முறிந்தது. புதன் காலை அவர்கள் டோமாசிக்குக்குப் போன் செய்தார்கள். உங்கள் கிழவர் நன்றாக ஆடுகிறாரே, கொடுப்பீர்களா? பேச்சு முடிய நான்கு நாள் ஆகும். அதற்குள் லைலுக்கு அடிபட்டுவிட்டால் யார் வாங்குவார்கள்? ஆகவே தொப்பி. வேலை கிடைத்தவனுக்கும் அதே தொப்பிதான், அனுப்பப்படுகிறவனுக்கும் அதே தொப்பிதான். ஊரே முதலாவதைப் பார்த்தது. இரண்டாவது எங்கள் ஒருவர் மூளையிலும் உதிக்கவில்லை.

"கேட்டேன்" என்றார் லைல். "வியாழக்கிழமை ஏன் கோச் தொப்பி போடச் சொன்னீங்கன்னு. நான் எதையாவது வாயால சொன்னேனான்னு கேட்டாரு. சொல்லல. உண்மைதானே." ஷூ முடிச்சை இறுக்கி, "இன்னொண்ணும் சொன்னாரு. அங்க நான்தான் முதல் ஆளாம். தொடக்க ஆட்டத்துல."

"யோவ்!" என்று மோசி எழுந்தார். பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். மகிழ்ச்சியா துக்கமா என்று அவருக்குத் தெரியவில்லை. அறையில் யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் யாரோ கேட்டார்கள். "மார்னி எங்க இருக்காங்க?"

மார்னி இண்டியானாவில் நெடுஞ்சாலையில் இருந்தார். வாடகை லாரியை அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் மகள்கள் இருவரும், பின்னால் வீடு முழுவதும். லைல் அழைத்து விஷயத்தைச் சொன்னார். என்ன சொன்னார் மார்னி என்று பிறகு கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. வண்டி இண்டிகேட்டர் சத்தம் மட்டும் கேட்டுச்சு. டிக், டிக், டிக்குன்னு. ரோட்டை விட்டு இறங்கித் திரும்பப் போறாளோன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் அடிச்சுது. அப்புறம் நின்னுடுச்சு. வண்டி நேராத்தான் போச்சு."

மோட்டலுக்குப் போய் லைல் மூன்றாவது தடவையாகத் துணி மடித்தார். பெர்னடெட் வரவேற்பு மேஜையை விட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பகல் இரண்டு மணிக்கு லாரி வந்தது. மேப்பிள் மரங்கள் நிறைந்த தெருவில் வெள்ளை வீடு. சாமான் இறக்கித் தருவதாக மோசியும் இன்னும் மூன்று பேரும் வெள்ளியன்றே சொல்லியிருந்தார்கள். சொன்னபடி வந்து, ஆளுக்கொரு சுவர் மாதிரி, புல்தரையில் நின்றார்கள். டெட்ராய்ட்டில் லைலுக்கு விமானம் ஐந்து பத்துக்கு. ஒரு மணி நேரப் பயணம் வேறு.

மார்னி இறங்கி முதுகை நிமிர்த்தினார். அழவில்லை. கணவனின் காலரைச் சரிசெய்தார்.

"நெப்ராஸ்காவுக்கே திரும்பிடலாமே" என்றார் லைல்.

"எங்க திரும்புறது? அங்க நம்ம வீட்டுல என் தங்கச்சி புருஷன் நேத்தே சோபாவை இறக்கிட்டான்."

"அப்ப சான் அன்டோனியோவுக்கு…"

"அந்த ஊர்ப் பையன் கால் எலும்பு சேர எத்தனை வாரம் ஆகும்?"

"எட்டு."

"எட்டு வாரத்துக்கு நான் மூணாவது ஊர் பார்க்கமாட்டேன் லைல். செவ்வாய்க்கிழமை டியூட்டி. ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்." வீட்டைப் பார்த்தார். "நீ முதல் ஆள் ஆனா எல்லாரும் ஒரே வீட்டுல இருப்போம்னு பேசினோம். ஆயிட்ட. வீடும் வந்துடுச்சு. ரெண்டும் ஒரே ஊர்ல இருக்கணும்னு பேச மறந்துட்டோம்."

யாரும் சிரிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் லைல்தான் சிரித்தார், மூக்கால். பிறகு மார்னி. பிறகு நெற்றியை அவர் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். மோசி திரும்பி நின்று, தனியாளாகக் குளிர்பெட்டியை இறக்கத் தொடங்கினார்.

அரை மணி நேரம் லைல் படுக்கைகளைத் தூக்கினார். எந்த அறை யாருக்கு என்று மகள்களோடு சண்டை போட்டார். கராஜ் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. ஒரு திருகாணியை முறுக்கி அதைச் சரிசெய்தார். இரண்டே முக்காலுக்கு வண்டியின் பின் கதவைத் திறந்து, பையின் பக்கவாட்டு ஜிப்பை இழுத்து, பழைய சாக்ஸை வெளியே எடுத்தார். அதிலிருந்து பிரஷ்ஷை உருவி நோராவிடம் நீட்டினார்.

"மேல குளியலறையில வை. உன்னோடதுக்குப் பக்கத்துல."

"அப்ப அங்க நீ எதால பல்லு தேய்ப்ப?"

"அங்க கடை இல்லாமலா இருக்கும்?"

அவள் அதைப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினாள். காலியான சாக்ஸை லைல் மடித்துப் பைக்குள் வைத்தார்.

செப்டம்பர் பத்தாம் தேதி, ஞாயிறு பகல் ஒரு மணிக்கு, லைல் ப்ரோகாப் தன் முதல் தொடக்க ஆட்டத்தில் சான் அன்டோனியோ அணிக்காக இறங்குகிறார். அதே நேரத்தில் ஹெரன்ஸின் ஆட்டமும் இருப்பதால், டொலீடோவில் அது டிவியில் வராது.